இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு காலிக் கட்டம்

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து தொடங்குகிறேன். யார் தலை என்று கேட்க வேண்டாம். கைக்கு எட்டிய தலை. தேதிகூட மறக்கவில்லை. மார்ச் மாதம் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம்.

அந்த நிமிடத்தில்தான் டிரிகர் சார், தான் போட்ட கூண்டுக்குள் தானே கால் வைத்தார்.

டிரிகர் என்பது பெற்றோர் இட்ட பெயரல்ல, அலுவலகம் இட்டது. ஊரில் ஓடும் வண்டிகளின் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் வைத்துக் காக்கும் அலுவலகம் அது. அட்டவணையில் ஒரு கட்டம் மாறியவுடன், யாரும் சொல்லாமலே வேறொரு வேலை தானாக நடக்கும்படி எழுதிவைப்பதற்கு அந்தத் தொழிலில் டிரிகர் என்று பெயர். எலி இரையைத் தொட்டதும் பொறியின் பலகை விழுகிறதே, அதே சங்கதிதான். நம்மவருக்கு அதில் அடங்காத ஆசை. விளக்கணைக்க ஒரு டிரிகர், தேநீர் இயந்திரத்துக்கு ஒரு டிரிகர், மேனேஜர் அறைக் கதவு திறந்தால் எல்லோர் திரையிலும் வேலை தெரியும்படி ஒரு டிரிகர். கடைசியாகச் சொன்னதற்காக ஊழியர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

சர்வர் கம்ப்யூட்டர்கள் இருக்கும் உள்ளறைக்கு வழி ஒன்றே ஒன்று. இரண்டு கண்ணாடிக் கதவுகள். நடுவே ஓர் ஆள் நிற்க இடம். வெளிக்கதவு வழியாக நுழைந்ததும் அது முதுகுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். பிறகு சுவரில் உள்ள பெட்டியில் அட்டையைத் தொட வேண்டும். அந்த ஆள் கடைசியாக எங்கே இருந்தார் என்பது ஊழியர் பதிவேட்டில் இருக்கும். இப்போது எங்கே நுழைகிறார் என்பதை அட்டை சொல்லும். டிரிகர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் வேறு வேறு இடம் என்றால் ஆள் நியாயமாக வந்திருக்கிறார். பச்சை விளக்கு எரிந்து எதிர்க்கதவு திறக்கும். இரண்டும் ஒரே இடம் என்றால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மறுபடி எப்படி உள்ளே வருவார்? யாரோ அட்டையைத் திருடியிருக்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்து, வந்த கதவே திறந்து, ஆளைக் காவலாளி கையில் ஒப்படைத்துவிடும்.

“ஒன்னா இருக்கும், இல்லாட்டி வேறயா இருக்கும். மூணாவது எங்கேருந்து வரும்?” என்று கூட்டத்தில் கேட்டவரும் அவர்தான். பதில் வருவதற்குள் பிஸ்கட் வந்துவிட்டது.

மூன்றாவது, கூண்டு வேலை செய்யத் தொடங்கிய முதல் நாளான அந்தத் திங்கட்கிழமையே வந்தது. அட்டையைத் தொட்டார். பச்சை எரியவில்லை. சிவப்பும் எரியவில்லை. முன்னால் இருந்த கதவு அசையவில்லை. பின்னால் இருந்ததும் அசையவில்லை. பதினேழு முறை தொட்டார். வெளியே நாற்காலியில் இருந்த காவலாளி எழுந்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினார்.

“என்ன சார், உள்ள போகலையா?”

“போக முடியல.”

“அப்ப வெளிய வந்துடுங்க.”

“வரவும் முடியல.”

காவலாளி தாடையைச் சொறிந்து யோசித்தார். “அப்ப அங்கேயே இருங்க,” என்றார்.

காரணம் தெரிய நம்மவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பதிவேட்டில் அவர் கடைசியாக இருந்த இடம் சனிக்கிழமைக்குரியது. சனிக்கிழமைக் கட்டம் காலி. கம்ப்யூட்டருக்குக் காலி என்றால் பூஜ்யம் அல்ல, ‘இல்லை’ என்பதும் அல்ல. ‘தெரியாது’ என்று பொருள். தெரியாத இடமும் சர்வர் அறையும் வேறா என்று கேட்டால், தெரியாது. சரி, ஒன்றா என்று கேட்டால், அதுவும் தெரியாது. அது ஊகிக்காது, ஒப்புக்குப் பேசாது, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடும். ‘வேறானால்’ என்று ஒரு வழியும் ‘ஒன்றானால்’ என்று ஒரு வழியும் எழுதிய மகாராசர், ‘தெரியாவிட்டால்’ என்று ஒரு வழியை எழுதவில்லை.

சரி, வெளியே இருப்பவர்கள் அந்த டிரிகரைத் திருத்தக் கூடாதா? கூடாது. டிரிகரில் கை வைப்பதென்றால் உள்ளறையில் இருக்கும் விசைப்பலகையில்தான் வைக்க முடியும் என்று விதி போட்டவர் அவர். உள்ளறைக்கு இந்தக் கூண்டைத் தவிர வேறு வழி கிடையாது. கூண்டில் ஒரே ஆளுக்குத்தான் இடம். அந்த இடத்தில் அவர் நிற்கிறார். மின்சாரத்தை நிறுத்தினால்? “கரண்டு போனா திறந்துக்குற கதவுக்குப் பேரு கதவா?” என்று கேட்டு அதற்கும் வழி அடைத்தவர் அவரே. கண்ணாடியை உடைக்கலாம் என்றால், துப்பாக்கிக் குண்டுக்கும் அசையாது என்ற சான்றிதழ் சட்டம் போட்டு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. கூண்டுக்குள் இருந்தபடியே அதைப் படிக்கலாம். மூன்று நாளில் அவருக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மிஞ்சியது ஒரே வழி. காலிக் கட்டத்தை நிரப்ப வேண்டும். அந்த உரிமை ஊழியர் பதிவேட்டைப் பார்க்கும் காலி அக்காவுக்கு மட்டுமே உண்டு.

முப்பது வருடமாகப் பதிவேடு எழுதும் அந்த அம்மாளுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்ததற்கு ஒரு கொள்கை காரணம். தெரியாததை எழுத மாட்டார். ஒருமுறை மேனேஜரே தன் பிறந்த ஊரைச் சொன்னபோது, “நீங்க பிறந்தப்ப உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காதே சார்,” என்று காலியாக விட்டவர்.

காலி அக்கா கண்ணாடிக்கு வெளியே வந்து மடிக்கணினியைத் திறந்துகொண்டு நின்றார். “சனிக்கிழமை ‘வெளிவேலை’ன்னு எழுதிக் குடுத்தீங்க. எந்த இடம்னு எழுதல. இப்ப சொல்லுங்க, போட்டுடறேன்.”

“ஏதாவது ஒன்னு போடுங்க அக்கா.”

“ஏதாவதுங்கற இடம் எங்க இருக்கு?”

“கிடங்குன்னு போடுங்களேன்.”

“கிடங்குக்குப் போனீங்களா?”

டிரிகர் சார் வாயைத் திறந்து, மூடினார். ஏனென்றால் அதற்குள் சேதி எட்டி அவர் மனைவி வந்துவிட்டாள். கையில் மாற்றுச் சட்டை, தையல் பை, ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலி அவருக்கென்று கொண்டுவந்தது; அது உள்ளே போகாது என்று தெரிந்ததும் தானே விரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“என்னங்க, எங்க இருந்தீங்கன்னு சொல்லிட்டு வெளிய வாங்களேன். சனிக்கிழமை ஆபீஸ்லதானே இருந்தீங்க?”

இங்கேதான் முடிச்சு. ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் ‘ஆபீஸ்’ என்றும், ஆபீஸில் ‘வெளிவேலை’ என்றும் சொல்லிவிட்டுப் போன இடம், மனைவியின் தம்பி வீடு. அந்த வாசலை மிதிப்பவர் தன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று அவள் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. சொன்னால் சொன்னதுதான் என்ற ரகம். தம்பிக்கு ஒத்தாசையாக ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்த ஒரே குற்றத்துக்காக ஒரு சித்தப்பாவை இரண்டு வருடம் வாசலோடு நிறுத்தியவள்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பு வரும்; வீட்டில் இருந்தால் வராது. தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது, “அக்கா, ஞாயித்துக்கிழமை வர்றியா?” என்று போனில் கேட்டான். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று அக்கா பேசாமல் இருந்தாள். பேசாததால் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு தம்பி போனை வைத்துவிட்டான். “வரமாட்டேன்னு நான் சொன்னேனா?” என்பது அவள் கட்சி. “வரேன்னும் சொல்லலையே!” என்பது அவன் கட்சி. நான்கு வருடமாக இந்த இரண்டு வாக்கியங்களும் உறவுக்காரர்கள் வாய் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தன.

ஆகவே நம்மவர் கூண்டுக்குள் நின்றபடி, “ஞாபகம் இல்ல,” என்றார்.

அப்படித் தொடங்கியது அந்த மூன்று நாள். கூண்டு அகலத்தில் ஒன்றேகால் முழம், நீளத்தில் ஒன்றரை. நின்றால் தோள் இரண்டு பக்கமும் உரசும். உட்கார்ந்தால் முழங்கால் மூக்கைத் தொடும். மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும். துடைத்தால், மனைவி அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரியும். அதனால் பெரும்பாலும் துடைக்கவில்லை. தலைக்கு மேல் ஒரு கேமரா, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் தானும் திரும்பியது. அதற்கும் ஒரு டிரிகர் எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகப் போயிற்று. இடுக்கின் உயரம் ஒரு விரல் கனம். எனவே தட்டையான பொருள்கள் மட்டும். பிஸ்கட் போயிற்று, ரொட்டித் துண்டு போயிற்று. காவலாளி ஒரு வாழைப்பழத்தைத் தன் வாசல் நோட்டுக்கு அடியில் வைத்து, மேலே ஏறி நின்று, தட்டையாக்கி அனுப்பினார். குளிர்பானக் குழாய்கள் பதினான்கை ஒன்றுக்குள் ஒன்று செருகித் தேநீர் கொடுத்தார்கள். அது போய்ச் சேருவதற்குள் ஆறிவிட்டது. இன்னொரு விஷயம் எப்படி நடந்தது என்று சிலர் கேட்பார்கள். சத்தியம் செய்து சொல்லும் கதைகளில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் வந்து, கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு யோசனை சொன்னார். “ஏன்யா, பழைய இடம் காலி. புது இடத்தையும் காலியாக்கிட்டா? காலியும் காலியும் ஒன்னுதானே? வந்த கதவு திறந்துடும்ல!”

டிரிகர் சாருக்கு அந்த நிலையிலும் தொழில் விடவில்லை. “காலியும் காலியும் ஒன்னு இல்ல சார். உங்க பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. காவலாளி பையில என்ன இருக்குன்னும் தெரியாது. அதனால ரெண்டு பையிலயும் ஒரே சாமானா இருக்குமா?”

“இருக்காது,” என்றார் மேனேஜர்.

“அதுவும் உங்களுக்குத் தெரியாது சார்.”

இருந்தாலும் மேனேஜர் சொன்னபடி செய்து பார்த்தார்கள். எந்த விளக்கும் எரியவில்லை. மேனேஜர் தன் பையை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

“கோடு போடுங்க அக்கா. இல்லாட்டி ‘இல்லை’ன்னு எழுதுங்க,” என்று கெஞ்சினார் கைதி.

“‘இல்லை’யும் ஒரு பதில்தான் சார். எனக்குத் தெரியாது. தெரியாதத இல்லைன்னு எழுதினா அது பொய்.”

பிறகு ஒவ்வொரு பொய்யாக எடுத்துவிட்டார். கிடங்கு என்றார், காலி அக்கா கிடங்குக்குப் போன் போட்டார், அங்கே யாரும் பார்க்கவில்லை. பல் டாக்டர் என்றார். டாக்டர் சனிக்கிழமை விடுமுறை. நூலகம் என்றார், அங்கே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு போனுக்கும் மனைவி தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி மட்டும் ஒரு கணம் நிற்கும், பிறகு போகும்.

புதன்கிழமை காலை அவள் நாற்காலியைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். காவலாளியைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள். பொத்தானைத் தானே அழுத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“சனிக்கிழமை போட்டுட்டுப் போற சட்டையில ஒரு வாசனை வருதுங்க. ஆறு மாசமா வருது. என்னோடது இல்ல.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அது வார்னிஷ் வாசனை.

“யாருன்னு சொல்லிடுங்க. நான் கத்த மாட்டேன். தெரியாம இருக்கறதுதான் என்னால முடியல.”

மூன்று நாளாக மங்கிக் கிடந்த கண்ணாடியை அவர் உள்ளங்கையால் துடைத்தார். அவள் கண்கள் சிவந்திருந்தன. தான் காலியாக விட்ட கட்டத்தை அவள் ஆறு மாதமாக என்னவெல்லாம் போட்டு நிரப்பியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாசலோடு நிறுத்தினால் நிறுத்தட்டும்.

“அக்கா!” என்று தள்ளி நின்ற காலி அக்காவைக் கூப்பிட்டார். “எழுதுங்க. என் மச்சான் வீடு. இவ தம்பி வீடு. மூணாவது மாடி.”

மனைவி பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“போட்டுடலாம்,” என்றார் காலி அக்கா. “ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்.” எல்லோரும் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்தார். மறுபடி பொத்தானை அழுத்த காவலாளியும் வந்து சேர்ந்தார்.

மச்சான் தச்சு வேலை செய்பவன். விசுவாசத்தில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும் மூச்சு விடக்கூடாது என்று அத்தான் அவனிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

“யாரு? எங்க அத்தானா?” என்றான் போனில். “சேச்சே! அவரு இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. மூஞ்சியே மறந்துபோச்சு. இப்ப மீசை வச்சிருக்காரா?”

“டேய் மச்சான்! உண்மையைச் சொல்லுடா!” என்று கூண்டுக்குள்ளிருந்து ஓர் அலறல் எழுந்தது.

“பாத்தீங்களா அம்மா, யாரோ அவரை மிரட்டிச் சொல்ல வைக்கறாங்க. நான் சொல்ல மாட்டேன்.”

காலி அக்கா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “அவர் இல்லைங்கறார் சார். நீங்க ஆமாங்கறீங்க. நான் எதை எழுதறது?” மடிக்கணினியை மூடப் போனார்.

டிரிகர் சார் அப்படியே சரிந்து, முழங்காலில் மூக்கை வைத்துக்கொண்டார். முதன்முறையாக உண்மையைச் சொல்லியிருந்தார். அதற்கும் கதவு இல்லை.

அப்போது மனைவி எழுந்தாள். காலி அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினாள். சற்று நேரம் அதைப் பார்த்தாள்.

“நான்தான்டா,” என்றாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ரம்பச் சத்தம்கூட நின்றுவிட்டது. ஒரு நிமிடம் காத்திருந்தாள். முகம் சுருங்கியது. “பேச மாட்டானாம்,” என்று சொல்லி, போனை வைக்கக் கையை இறக்கினாள்.

கூண்டுக்குள் இருந்தவர் எழுந்து இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்தார். “வைக்காத! மறுபடி கேளு. அவன் பேசலைன்னா மாட்டேன்னு அர்த்தமில்ல. நான் மூணு நாளா இதுக்குள்ளதான் நிக்கறேன், எனக்குத் தெரியும். மறுபடி கேளு!”

அவள் அவரைப் பார்த்தாள். போனைத் திரும்பக் காதருகே கொண்டுபோனாள்.

“டேய். இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

“அவரு வந்தாரா?”

“வந்திருந்தா நீ கோச்சுக்குவியா?”

“வந்தாரா, இல்லையா?”

“இருபத்தாறு சனிக்கிழமை, அக்கா. இன்னும் முனை மட்டும்தான் பாக்கி.”

“என்ன முனை?”

“படகு முனை. நானும் அத்தானும் ஒரு படகு செய்யறோம். பதினாறு அடி. வார்னிஷ்கூடப் பாதி அடிச்சாச்சு.”

மனைவி தன் கணவரின் சட்டைக் காலரைக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தாள். “நீ இருக்கறது மூணாவது மாடியிலடா. அது எப்படி வெளிய வரும்?”

“அதைத்தான் அக்கா சனிக்கிழமை சனிக்கிழமை பேசிட்டிருக்கோம்.”

காலி அக்கா இதற்குள் மடிக்கணினியைத் திறந்திருந்தார். “படகுக்குள்ள இருந்தாரா, வெளிய இருந்தாரா?” என்று கேட்டார். “ரெண்டும்தான்,” என்றான் மச்சான். காலி அக்கா கொஞ்சம் யோசித்து, ‘மைத்துனர் வீடு’ என்று மட்டும் போட்டுப் பொத்தானைத் தட்டினார்.

டிரிகர் சார் அட்டையைத் தொட்டார். பச்சை எரிந்தது. மைத்துனர் வீடு வேறு, சர்வர் அறை வேறு என்பதில் கம்ப்யூட்டருக்கு இப்போது துளி சந்தேகமும் இல்லை. ஆகவே சட்டப்படி திறந்தது உள்கதவு. வெளியே மனைவி நிற்க, அவர் அந்தப் பக்கம் உள்ளே போய் விழுந்தார். விழுந்த வாக்கில் தவழ்ந்து விசைப்பலகையை எட்டி, டிரிகரில் நான்கு வரி சேர்த்தார். இரண்டு கட்டத்தில் ஒன்று மட்டும் காலியாக இருந்தால் வேறு என்று கொள். இரண்டுமே காலியாக இருந்தால் ஒன்று என்று கொள். எப்படியானாலும் ஆளை அந்தரத்தில் நிறுத்தாதே. பிறகு அதே கூண்டு வழியாக, கண்ணை மூடிக்கொண்டு, வெளியே வந்தார்.

மனைவி நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

“கோவமா?” என்றார்.

பதில் இல்லை. திங்கட்கிழமைக்கு முந்தைய மனிதராக இருந்தால் அதைக் கோபம் என்று எழுதிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி வண்டியை எடுக்கப் போயிருப்பார். அவர் நின்றார்.

“கோவமா?” என்று மறுபடி கேட்டார்.

“இருக்கு,” என்றாள் அவள், நாற்காலியை அவர் தோளில் மாட்டியபடி. “சனிக்கிழமை நானும் வரேன். அவன் வீட்டு ஜன்னலை அளக்கணும்.”

அந்த மூன்று நாள் வருகைப் பதிவை, அவர் அலுவலகத்தின் உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா என்று தெரியாததால், காலி அக்கா காலியாகவே விட்டுவிட்டார்.

அந்த இரண்டு கதவுகளுக்கும் வாங்கிய பூட்டுகள் தாமதமாகி, அதே மார்ச் மாதம் இருபத்தெட்டாம் தேதிதான் வந்து பொருத்தப்பட்டன. அதுவரை இரண்டும் விரலால் தள்ளினாலே திறக்கும்.